ஸ்காட் வாக்கர்: எந்த ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கலாம்?

ஒரே ஒரு ஸ்காட் வாக்கர் ஆல்பம்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் 'டில்ட்' வாங்குங்கள். 'ஸ்காட் 4'தான் உச்சம் என்பவர்கள் உண்டு, 'தி டிரிஃப்ட்'டைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று அடம்பிடிப்பவர்களும் உண்டு. எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டுப் பார்த்த பிறகும் என் ஓட்டு 'டில்ட்'டுக்குத்தான்.

இந்த ஆளின் கதையே விசித்திரம். 1960களில் பிரிட்டனில் பெண்கள் கூச்சல் போட்டுத் துரத்திய பாப் நட்சத்திரம், அதுவும் 'வாக்கர் பிரதர்ஸ்' என்ற குழுவில் (மூன்று அமெரிக்கர்கள், யாரும் அண்ணன் தம்பி கிடையாது, யாருக்கும் பிறப்பில் வாக்கர் என்ற பெயரும் கிடையாது). அங்கே கிளம்பியவர் நாற்பது வருடம் கழித்து, பன்றி இறைச்சியைக் குத்தித் தாளம் எடுக்கிற இடத்தில் வந்து நின்றார். அதனால் ஸ்காட் வாக்கர் கேட்டேன், பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால், எந்த வருடத்து ஸ்காட் வாக்கர் என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

1967 முதல் 1969 வரை வந்த நான்கு தனி ஆல்பங்களில் முதல் மூன்றிலும் பெல்ஜியப் பாடகர் ஜாக் பிரெலின் பாட்டுகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, வயலின்கள் பொங்கி வழிகின்றன, குரல் அபாரம். 'ஸ்காட் 4'இல் எல்லாப் பாட்டும் அவரே எழுதியவை. முதல் பாட்டே ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மனின் படக் கதையைச் சொல்கிறது! இயற்பெயரில் வெளியிட்டார், விற்கவில்லை. மொத்தமே அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான், ஒரு நொடிகூட வீண் இல்லை. அந்தக் காலகட்டம் முழுக்க வேண்டுமென்றால் 1967–70 ஆல்பங்கள் ஐந்தும் சேர்ந்த பெட்டி 2013இல் வந்தது, அது கிடைத்தால் எடுக்கலாம். ஐந்தாவது ஆல்பத்தின் பின்பாதி மட்டும் அடுத்தவர் பாட்டுகள், சுமார்.

1970களின் முதல் பாதியில் வந்தவற்றை விட்டுவிடுங்கள். மறுபடி சேர்ந்த வாக்கர் பிரதர்ஸ் 1978இல் போட்ட 'நைட் ஃப்ளைட்ஸ்'இல் ஸ்காட் எழுதிய நான்கு பாட்டுகளில்தான் திருப்பம் தொடங்குகிறது, அந்த நான்கையும் ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் போதும். 1984இன் 'க்ளைமேட் ஆஃப் ஹன்டர்' சுவாரசியமானது, எட்டுப் பாட்டில் நான்குக்குப் பெயரே கிடையாது, வரிசை எண்தான், ஆனால் அந்தக் காலத்து டிரம் சத்தம் எனக்கு ஒட்டவில்லை.

சரி, 'டில்ட்' (1995). பதினொரு வருட மௌனத்துக்குப் பிறகு வந்தது. முதல் பாட்டு இத்தாலிய இயக்குநர் பசோலினியின் நினைவாக. ஏலம் விடுவது போல ஒரு எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போகிறார், பின்னால் வயலின்கள் மெல்ல எழும்புகின்றன, பழைய ஸ்காட்டின் அழகு முழுக்க அதில் இருக்கிறது. அடுத்த பாட்டு காதில் விழாத அளவுக்குச் சன்னமாக ஆரம்பித்துத் திடீரென்று இரும்புப் பட்டறையாக வெடிக்கிறது. வால்யூமை ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்களென்றால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவீர்கள். மெலடியும் இருக்கிறது, மிரட்டலும் இருக்கிறது, அதனால்தான் திரும்பத் திரும்பப் போட முடிகிறது.

'தி டிரிஃப்ட்' (2006) இதைவிடப் பெரிய சாதனை, மறுக்கவில்லை. முசோலினியோடு சுட்டுக் கொல்லப்பட்ட அவர் காதலி கிளாரா பெட்டாச்சியைப் பற்றிய நீண்ட பாட்டில்தான் அந்த இறைச்சித் தாளம், கதை தெரிந்து கேட்டால் வயிற்றைப் பிசைகிறது. இன்னொன்றில் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி, பிறப்பிலேயே இறந்துபோன தன் இரட்டைச் சகோதரனிடம் நியூயார்க்கில் இடிந்த இரட்டைக் கோபுரங்களைப் பற்றிப் பேசுகிறார். ஆனால் இதை ஒரு சாதாரண மாலையில் யார் எடுத்துப் போடுவார்கள்? இரண்டாவதாக வாங்குங்கள். பாடல் வரிகள் அச்சிட்ட புத்தகத்தோடு வருகிற பிரதியாகப் பாருங்கள், வரிகள் இல்லாமல் பாதி புரியாது. வினைலைவிட எனக்கு சிடிதான் வசதி, ஏனென்றால் இந்த ஆல்பங்களில் நிசப்தம் அதிகம், ஊசியின் கரகரப்பு அங்கே துருத்திக்கொண்டு தெரியும். ஃபோன் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம்.

'பிஷ் பாஷ்' (2012) எழுபது நிமிடத்துக்கு மேல், அதில் ஒரு பாட்டு மட்டுமே இருபது நிமிடத்தைத் தாண்டும். வெட்டுக்கத்திகளை உரசித் தாளம் போடுகிறார்கள், நடுநடுவே அசிங்கமான நகைச்சுவை வேறு. ரசித்தேன், ஆனாலும் கேட்டுவிட்டுக் காசை யோசித்துக் கொடுங்கள். 2014இல் சன் (Sunn O)))) என்ற அமெரிக்க மெட்டல் குழுவோடு செய்த 'சூஸ்டு' ஐந்தே பாட்டுகள், கனத்த கிட்டார் இரைச்சல்மேல் அவர் குரல். மெட்டல் கேட்டுப் பழகியவர் என்றால் 'டில்ட்'டைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இதிலிருந்தே தொடங்குங்கள்.