ஏற்றத்தில் மட்டும் கொதிக்கிற வண்டிக்கு சுங்கை சிப்புட்டில் ஒரு பட்டறை

பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா போகிற சாலையோரம், தகரக் கூரை, பெயர்ப் பலகை கிடையாது, வாசலில் எப்போதும் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஒன்றாவது வாயைத் திறந்தபடி நிற்கும். தோட்டத்து டிராக்டரும் லோரியும்தான் அங்கே முக்கிய வாடிக்கை. ஃபோர்வீலைக் கொண்டுபோனால் பார்ப்பார்களா என்று யோசிக்க வேண்டாம், பார்ப்பார்கள். என்ன, வரிசையில் நிற்க வேண்டும்.

என்னுடையது பழைய டீசல் ஹைலக்ஸ். முன்னால் புல்பார், வின்ச், அதற்கு மேல் ரெண்டு ஸ்பாட்லைட். நெடுஞ்சாலையில் 110ல் ஈப்போ போய் வந்தாலும் சூட்டு முள் பாதியைத் தாண்டாது. ஆனால் கோலா மூ பக்கம் மண்பாதையில் ஆள் நடக்கிற வேகத்தில் ஏறினால், பாதி மலைகூட வராது, முள் சிவப்பைத் தொட்டுவிடும். இதற்காக முதலில் போன வேறொரு பட்டறையில் வண்டியை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு தெர்மோஸ்டாட்டை, அதாவது தண்ணீர் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு விடுகிற வால்வை, கழற்றிப் போட்டார்கள், "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு" என்று. அதற்கும் அடங்காததால் புது ரேடியேட்டர் போடச் சொன்னார்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது இங்கே பாதிப் பட்டறைகளின் வழக்கம், ஆனால் அது வைத்தியம் இல்லை. சில எஞ்சின்களில் சூடானதும் பைபாஸ் வழியை அடைப்பதே அதுதான். அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலேயே சுற்றிச் சுற்றி வரும். சமவெளியிலோ எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் டீசலைக் குடிக்கும்.

லாசா ரோட்டுப் பட்டறையின் போர்மேன் பானெட்டைத் திறக்கும் முன்னாலேயே கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, ஹைவேல சூடேறுதா, காட்டுல ஏறும்போதா?" காட்டில் என்றதும், "அப்போ தண்ணி ஓடுது, காத்துதான் வரலை" என்றார். யோசித்தால் நியாயம்தான். வேகமாக ஓடும்போது காற்று தானாக வந்து ரேடியேட்டரில் அடிக்கிறது. மெதுவாக, முழு பாரத்தோடு ஏறும்போது காத்தாடி இழுக்கிற காற்றை மட்டுமே நம்பியிருக்கிறோம். இதற்கு நேர்மாறாக ஹைவேயில் சூடேறினால் ரேடியேட்டர் குழாய் உள்ளே அடைத்திருக்கும், இல்லையென்றால் வாட்டர் பம்ப் தளர்ந்திருக்கும் என்று சந்தேகப்பட வேண்டும். ரெண்டு இடத்திலும் ஏறினால் எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கிற ஹெட் கேஸ்கெட்டையும் அவர் பார்ப்பாராம்.

அப்புறம் எஞ்சினைச் சூடேற்றி, அணைத்து, காத்தாடியைக் கையால் ஒரு சுண்டு சுண்டினார். பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. சூடான எஞ்சினில் அது கையோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும், ஒரு சுற்றுக்குள் நின்றுவிட வேண்டும். காத்தாடியை எஞ்சினோடு பிணைக்கிற ஃபேன் கிளட்ச்சின் உள்ளே இருக்கும் சிலிகோன் எண்ணெய் வடிந்து, அதன் விளிம்பைச் சுற்றி எண்ணெயும் தூசியும் கலந்து கறுப்பு வளையமாகப் படிந்திருந்ததை டார்ச் அடித்துக் காட்டினார். என் விரலை வைத்தேன், பிசுபிசுவென்று ஒட்டியது.

அதோடு விடவில்லை. முன் கிரில்லைக் கழற்றி, ஏர்கோன் கண்டென்சரை கேஸ் திறக்காமலே கொஞ்சம் முன்னால் சாய்த்துக் காட்டினார். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே செம்மண்ணும் லாலான் புல் பஞ்சும் சேர்ந்து மெத்தை போட்டிருந்தன. கார் வாஷில் முன்னாலிருந்து ஜெட் அடித்தால் இது வெளியே வராது, இன்னும் உள்ளே அமுங்கும், மெல்லிய தகடுகளும் மடங்கிப்போகும். அவர் சாதாரணத் தண்ணீர்க் குழாயால் எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, தெளிந்த தண்ணீர் வரும்வரை பொறுமையாக அடித்தார்.

ரேடியேட்டர் மூடியையும் சோதித்தார். 0.9 பார் அழுத்தம் தாங்குகிற மூடி இருந்தால் தண்ணீர் 120 டிகிரி பக்கம் போய்த்தான் கொதிக்கும், ரப்பர் வெடித்த மூடியென்றால் 100லேயே பொங்கிவிடும். என்னுடையது வெடித்துத்தான் இருந்தது. புதுசு மாற்றியாயிற்று. எஞ்சினில் எரிந்த புகை தண்ணீரில் கலக்கிறதா என்று நீல மருந்து வைத்தும் பார்த்தார், நிறம் மாறவில்லை. நான் மூச்சு விட்டேன், ஹெட் தப்பித்தது.

கிளட்ச்சுக்கு மூன்று வழி சொன்னார்: சிலிகோன் எண்ணெய் மறுபடி நிரப்புவது, ஹாஃப் கட் கடையில், அதாவது வெட்டிப் பிரித்த பழைய வண்டிச் சாமான் விற்கிற கடையில், பழசு வாங்குவது, புதுசு போடுவது. நான் புதுசு போட்டேன். தெர்மோஸ்டாட்டும் 82 டிகிரியில் திறக்கிற சரியான ரகம் திரும்ப உள்ளே போனது. கூலி 150 வெள்ளி, சாமான் தனி. நடந்த வேலைக்கு அது அதிகமில்லை. காற்றை மறைக்கிற ஸ்பாட்லைட்டை கிரில் முன்னாலிருந்து கூரைக்கு மாற்றச் சொன்னதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. இப்போது அதே ஏற்றத்தில் முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே போய் நிற்கிறது, காத்தாடி இரைகிற சத்தம் உள்ளே வரை கேட்கிறது. அந்த இரைச்சல் கேட்டால்தான் கிளட்ச் பிடிக்கிறது என்று அர்த்தமாம்.

ஓட்டுகிற விதத்துக்கும் அவரிடம் பாடம் உண்டு. ஹை ரேஞ்சில் திணறவிடாதே, 4L போடு, அதாவது நாலு சக்கரமும் இழுக்கிற மெதுவான கியர். எஞ்சின் சுற்று ஏறினால் காத்தாடியும் பம்ப்பும் சேர்ந்து வேகமாகச் சுற்றும். முள் ஏறினால் ஏர்கோனை அணை, நிழலில் நிறுத்தி ஐடிலில் ஓடவிடு. தண்ணீர் வெளியே கொட்டியிருந்தால் மட்டும் எஞ்சினை உடனே அணை. சூட்டோடு மூடியைத் திறக்காதே, எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதே. இணையத்தில் வெள்ளைக்காரர்கள் ஹீட்டரைப் போடச் சொல்வார்கள், அது நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் இருப்பதே இல்லை.

குறை சொல்லாமல் விட முடியாது. போன் எடுக்க மாட்டார். குலை லோரி வந்துவிட்டால் நம் வண்டியை அப்படியே பிரித்துப் போட்டுவிட்டு அதற்குப் போய்விடுவார், பழம் அழுகிவிடும் என்பார், நம் பொழுது அழுகுவது பற்றிக் கவலையில்லை. உட்கார ஒரு உடைந்த லோரி சீட்தான், ரசீது கேட்டால் சிகரெட் அட்டையில் எழுதித் தருவார். நவீன கம்ப்யூட்டர் வண்டி என்றால் அவரே கையை விரித்துவிடுவார். பழைய டீசல் வைத்திருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். வார நாளில், காலை எட்டுக்கு முன்னால் போங்கள், எஞ்சின் ஆறியிருக்கும்போதே அவர் கையில் கொடுங்கள்.