கரவான் வாங்கலாமா? முதலில் புழுதியைப் பற்றிச் சொல்கிறேன்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இருக்கும் நண்பர் ஒருவர் அடுத்த ஓகஸ்ட் விடுமுறைக்குக் குடும்பத்தோடு மெல்பேர்னுக்குப் போகிறார். அங்கே இருக்கும் அவருடைய தம்பி ஒரு பழைய கரவானுக்கு, அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற, கட்டிலும் குசினியும் உள்ள வண்டிக்கு, விலை பேசிக்கொண்டிருக்கிறார். பாதிக் காசு இவர் போட வேண்டுமாம். "அண்ணை, நீங்கள் பாலைவனப் பக்கமெல்லாம் இழுத்துக்கொண்டு போனீங்கள்தானே, இப்ப விலையும் இறங்கியிருக்காம். வாங்கலாமோ?" என்று கேட்டார். மாடிப்படியில் நின்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்களுடையதும் கூட்டாக வாங்கியதுதான். அடிலெய்டில் அக்காவும் அத்தானும் இருக்கிறார்கள், வண்டி அவர்கள் வளவில் நிற்கிறது. நாங்கள் கொழும்பிலிருந்து போகும்போது இரண்டு குடும்பமும் சேர்ந்து கிளம்புவோம். இங்கே ஓகஸ்டில் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் அங்கே குளிர்காலம் என்பது பெரிய வசதி. ஊட்னடாட்டா என்ற சின்ன ஊரில் 1960 ஜனவரியில் 50.7 பாகை பதிவானது. கோடையில் அந்தப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற பேச்சே வேண்டாம். வண்டியின் நீளம், எடை, எத்தனை கட்டில் என்பதெல்லாம் விளம்பரத்தில் இருக்கும், அதை விடுகிறேன்.

கரவானை வாங்கியதற்கு ஒரே காரணம் எங்கள் சின்ன மகள். அவளுக்கு இழுப்பு. பாலைவனத்தில் பகல் வெயிலைப் பார்த்து ஏமாறக் கூடாது, ஓகஸ்ட் இரவில் குளிர் எலும்பைத் துளைக்கும். கூடாரத்தில் நிலத்துப் புழுதிக்கு மேல், அந்தக் குளிரில் அவளைப் படுக்க வைக்க எங்களுக்கு மனமில்லை. கதவை அடைத்தால் உள்ளே சுத்தமான ஒரு அறை, சுத்தமான மெத்தை. அதற்காகத்தான் காசு கொடுத்தோம். விற்றவரும் புழுதி ஒரு துளிகூடப் புகாது என்று அடித்துச் சொன்னார். விளம்பரத்திலும் அதேதான் இருந்தது.

தார் வீதியில் அவர் சொன்னது உண்மை. போர்ட் ஒகஸ்டாவிலிருந்து வடக்கே கூபர் பீடி வரை ஸ்டுவர்ட் நெடுஞ்சாலை முழுக்கத் தார்தான். கிளெண்டம்போ தாண்டினால் சுமார் 250 கிலோமீற்றருக்கு ஒரு பெற்றோல் செட் கிடையாது, ஆனால் வீதி வழுக்கிக்கொண்டு போகும். ஐம்பத்து மூன்றரை மீற்றர் நீளத்துக்குத் தொடர் லொறிகள் எதிரே வரும். அவை கடக்கிறபோது அடிக்கிற காற்றில் கூட எங்கள் வண்டி பின்னால் ஆடியதில்லை. பிரேக் நம்பிப் பிடிக்கலாம். கூபர் பீடியில் பலர் வெயிலுக்குப் பயந்து நிலத்துக்கு அடியில் வீடு குடைந்து வாழ்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து, எங்கள் குசினியில் பருப்பும் பொல் சம்பலும் ரின் மீன் குழம்புமாகச் சாப்பிட்டுவிட்டு, மெத்தையில் படுத்தோம். அந்த இரவு இதைவிட நல்ல வண்டி உலகத்திலேயே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

அப்புறம் ஊட்னடாட்டா தடத்துக்கு வந்தோம்.

மரீயிலிருந்து மார்லா வரை சுமார் 620 கிலோமீற்றர், கிறவலும் மண்ணும். 1980 வரை ஓடிய பழைய கான் ரயில் பாதையை ஒட்டிப் போகிறது. ரயில் வருவதற்கு முன் அங்கே சாமான் ஏற்றி இறக்கியவை ஒட்டகங்கள். அவற்றை ஓட்டிய 'ஆப்கான்' ஆட்களின் பெயரால்தான் ரயிலுக்கும் கான் என்று பெயர் வந்தது. மரீயில் அவர்கள் தொழுத பள்ளிவாசலின் அடையாளம் இன்றும் இருக்கிறது. மரீயைத் தாண்டிக் கவர்ட் ஸ்பிறிங்ஸ் முகாமில் நிறுத்தி, நான் கரவான் கதவைத் திறந்தேன்.

மெத்தை விரிப்பின் நிறம் தெரியவில்லை. தலையணை, அலமாரிக்குள் மடித்து வைத்த உடுப்பு, கரண்டி லாச்சி, பால்மா டின்னின் மூடி விளிம்பு, எல்லாம் சிவப்பு. மனைவி தும்புத்தடியை எடுத்தாள், இரண்டு தரம் கூட்டியதும் அறை முழுக்கப் புகை மாதிரி எழும்பியது. உடனே நிறுத்தச் சொன்னேன். அன்றிரவு மகள் காருக்குள் சீட்டைச் சாய்த்துப் படுத்தாள், மனைவி பக்கத்தில் இன்ஹேலரோடு இருந்தாள். அவளுக்காக வாங்கிய மெத்தை மூன்று மீற்றர் தள்ளி, அவளால் படுக்க முடியாதபடி கிடந்தது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

இங்கே இருப்பவர்களுக்கு ஒன்று விளங்க வேண்டும். மணல் வேறு, புழுதி வேறு. வடமராட்சி மணற்காட்டுக்குப் போய் வந்தால் காலைத் தட்டினால் மணல் விழுந்துவிடும். அந்தச் செம்மண் புழுதி வறுத்து அரித்த இடியப்ப மாவை விட நைசு. தட்டினால் விழாது, எழும்பும். ஊசி நுழையாத இடத்திலும் நுழையும். ஈரத்துணியால் துடைத்தால்தான் போகும், அதற்கும் தண்ணீர் வேண்டும். அந்தப் பாதையில் நல்ல தண்ணீர் அளந்து செலவழிக்கிற சாமான்.

ஏன் புகுகிறது என்று அத்தானும் நானும் மினக்கெட்டுத் தேடினோம். ஒருவர் இரவில் உள்ளே எல்லா லைற்றையும் போட்டுவிட, மற்றவர் கீழே படுத்து அடிப்பக்கத்தைப் பார்த்தால் ஓட்டைகள் வெளிச்சமாகத் தெரியும். குழாயும் வயரும் தரையைத் துளைத்து வருகிற இடங்கள், சிங்குக்குக் கீழே, சில்லுப் பெட்டியின் மூலை. விற்பனைக் கூடத்தில் ஒருவரும் குனிந்து பார்க்காத இடங்கள் அவை. ஒவ்வொன்றாக சிலிக்கன் பூசி அடைத்தோம். கதவு றப்பரும் மாற்றினோம். புழுதி குறைந்தது, நிற்கவில்லை.

ஏனென்றால் ஓட்டை பாதிக் காரணம்தான், மற்றப் பாதி காற்று. முன்னால் போகிற கார்ச் சில்லுகள் கிளப்புகிற மேகத்துக்குள்தான் கரவான் முழு நேரமும் ஓடுகிறது. பெட்டி வேகமாகப் போகும்போது அதன் பின்னாலும் பக்கங்களிலும் காற்றழுத்தம் குறைகிறது. கூரைத் திறப்போ யன்னலோ கொஞ்சம் திறந்திருந்தால் உள்ளே இருக்கிற காற்றை அது வெளியே இழுக்கும். போன காற்றுக்குப் பதிலாகக் கீழே இருக்கிற சந்துகளால் புழுதிக் காற்று உள்ளே வரும். இதை மாற்ற ஒரே வழி, உள்ளே அழுத்தத்தைக் கூட்டுவது. கூரையில் முன்பக்கம் பார்த்த ஒரு வாய், அதற்குள் வடிகட்டி. ஓடும்போது மேலே இருக்கிற கொஞ்சம் சுத்தமான காற்றை அது உள்ளே தள்ளும். அப்போது சந்துகளால் காற்று வெளியே போகுமே தவிர உள்ளே வராது. அடுத்த பயணத்துக்கு முன் ஒரு கராஜில் கொடுத்து அதைப் பூட்டினோம். காசு கொஞ்ச நஞ்சமல்ல.

வேலை செய்கிறது, நியாயமாகச் சொல்ல வேண்டும். மெத்தை முன்பு இருந்த நிலைக்கும் இப்போதைக்கும் ஒப்பிடவே முடியாது. மகள் உள்ளே படுக்கிறாள். ஆனால் சிங்குக்குக் கீழேயும் கதவடியிலும் இன்னும் சிவப்புக் கோடு விழுகிறது. அது கதவின் அடியிலும் சுவரிலும் இருக்கிற நிரந்தரக் காற்றோட்டத் துவாரங்களால் வருவது. காஸ் அடுப்பு இருக்கிற கரவானில் அந்தத் துவாரம் கட்டாயம், அவுஸ்திரேலிய விதி அது. காஸ் காற்றை விடக் கனம். கசிந்தால் தரையில் தேங்கும், கீழே வழி இருந்தால்தான் வெளியேறும். அடுப்பு எரியும்போது நல்ல காற்றும் வேண்டும்.

சிலர் ஓடும்போது அந்தத் துவாரத்தை ரேப் போட்டு ஒட்டிவிட்டு, நிறுத்தியதும் கழற்றுகிறார்கள். அத்தானும் செய்து பார்ப்போம் என்றார். நான் விடவில்லை. இருட்டிய பிறகு பசியோடு வந்து சேர்கிற ஒரு நாள் அதைக் கழற்ற மறந்து, குளிருக்கு யன்னலையும் பூட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தால், காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு உள்ளே சேரலாம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உள்ளே தூங்குவது பிள்ளைகள். புழுதியைத் துடைக்கலாம்.

அப்படியானால் வடிவமைத்தவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்? இந்தக் கூரை வாயை முதலிலேயே பூட்டியிருக்க வேண்டும். அல்லது காஸை விட்டுவிட்டு, பற்றரியிலும் சூரியத் தகட்டிலும் ஓடுகிற சமையலுக்கு மாறி, காஸுக்கான அந்தத் துவாரத்துக்கு வேலை இல்லாமல் செய்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் கரடுமுரடான பாதைக்கு என்று பெயர் போட்டு, பக்கத்தில் மலையும் ஒட்டகமும் வரைந்து விற்பது சரியில்லை. தடித்த சில்லும் உயர்ந்த அச்சும் மட்டும் ஒரு வண்டியைப் பாலைவனத்துக்கு உரியதாக ஆக்காது. படுக்கை சுத்தமாக இருக்க வேண்டும்.

மற்றதெல்லாம் நல்லது, அதையும் எழுதாவிட்டால் பொய்யாகிவிடும். கொம்பிறசர் பிரிட்ஜ் சாய்ந்து நின்றாலும் தயிரை உறைய வைக்கிற அளவுக்குக் குளிர்கிறது. அடித்தளச் சட்டத்தில் இத்தனை குலுக்கலுக்குப் பிறகும் ஒரு வெடிப்பு இல்லை. தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே கல் அடிக்காமல் தகடு போட்டவன் யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

பாதையையும் நான் குறை சொல்ல மாட்டேன். கவர்ட் ஸ்பிறிங்ஸில் நிலத்தடியிலிருந்து வருகிற ஊற்று நீர் வெதுவெதுப்பாக இருக்கும். பேரீச்சை மரங்களுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் அதில் இறங்கினால் ஏற மாட்டார்கள். வில்லியம் கிறீக் போகிற வழியில் கட்டி தண்டா எயார் ஏரி வீதியிலிருந்தே தெரியும். சுமார் 9,500 சதுரக் கிலோமீற்றர், எங்கள் வட மாகாணத்தை விடப் பெரியது. அதன் அடி கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 15 மீற்றர். பெரும்பாலும் தண்ணீர் இல்லை, உப்பு மட்டும். மூத்தவன் அங்கே நின்று ஒரு வார்த்தை பேசாமல் வெகுநேரம் பார்த்தான். வீட்டில் அவனை ஐந்து நிமிடம் பேசாமல் வைத்திருக்க முடியாது.

கிறவலில் நாங்கள் இப்போது செய்வதைச் சொல்லிவிடுகிறேன். ரயர் காற்றைக் குறைக்கிறோம், வேகம் மணிக்கு அறுபதைத் தாண்டுவதில்லை. எதிரே லொறி வந்தால் ஓரம் கட்டி நிறுத்தி, புழுதி அடங்கும் வரை காத்திருக்கிறோம். வோக்கி ரோக்கியில் 40ஆம் சனல் லொறிக்காரர்களுடையது, 18 கரவான்காரர்களுடையது. இரண்டையும் கேட்டுக்கொண்டு போவது நல்லது. மழை பெய்தால் தடத்தை மூடுவார்கள். மூடிய தடத்தில் இறங்கினால் தண்டம். உடுப்பையும் மாவையும் மூடி இறுகிய பிளாஸ்ரிக் பெட்டியில்தான் வைக்கிறோம்.

சரி, நண்பருக்குப் பதில். வாங்க வேண்டாம். இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டு ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று அக்காவே போனில் கேட்டாள். போன கிழமை அத்தான் வண்டியைக் கழுவியபோது, மகளின் கட்டிலுக்கு மேலே இருக்கிற அலமாரியின் பிணைச்சலிலிருந்து இன்னும் செம்மண் உதிர்ந்ததாம், படம் அனுப்பினார். அவ்வளவு காசும் அவ்வளவு சிலிக்கனும் போன பிறகும் அது அங்கே இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு என்னால் வேறு பதில் சொல்ல முடியவில்லை. தார் வீதியில் மட்டும் போவதென்றால் வாடகைக்கு எடுங்கள், ஊருக்கு ஊர் அறை எடுத்துத் தங்கினாலும் சரி.

தம்பி எப்படியும் வாங்கத்தான் போகிறார் என்றால் ஒன்று செய்யச் சொல்லுங்கள். விற்கிறவரையும் ஏற்றிக்கொண்டு ஐம்பது கிலோமீற்றர் கிறவல் பாதையில் ஓடிப் பார்க்கட்டும். கிளம்பும் முன் மெத்தையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிட வேண்டும், சிங்குக்குக் கீழே இன்னொன்று. விற்கிறவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் உங்கள் பாதிக் காசை அனுப்பாதீர்கள்.