மினரல் சன்ஸ்கிரீனா, கெமிக்கல் ஜெல்லா: ‘கிளீன்’ என்ற முத்திரையை நம்பலாமா?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் டவுன் மருந்தகத்தில் சன்ஸ்கிரீனுக்கென்றே இப்போது தனி அடுக்கு. ஒரு பக்கம் பச்சை இலை படத்தோடு ‘கிளீன்’, ‘மினரல்’ என்று எழுதிய டியூப்கள். மறுபக்கம் கெமிக்கல் வகை என்று சொல்லப்படும் ஜெல்கள். இரண்டையும் வாங்கி மாற்றி மாற்றிப் பூசிப் பார்த்தபின் நான் ஜெல் பக்கம் சாய்ந்துவிட்டேன். காலையில் செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் மோட்டார் ஓட்டிக்கொண்டு தமிழ்ப்பள்ளிக்குப் போகிறவள் நான். மாலையில் திடலில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி. இரண்டு வேளையும் வெயில்தான்.

தெரிந்த சங்கதிகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வெயில் தடுப்பு எண்ணான எஸ்பிஎஃப் 30 என்றால், தோலைச் சுடும் யுவிபி என்ற புற ஊதாக் (யுவி) கதிரில் சுமார் 97 விழுக்காட்டைத் தடுக்கும், 50 என்றால் 98. இரண்டு வகையிலும் 50 கிடைக்கிறது. நான் வாங்கிய மினரல் டியூப், ஜெல்லைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை.

மினரலின் பலம் சிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும். இவை வெயிலைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்புகின்றன என்பது விளம்பரப் பேச்சு. திருப்புவது சிறு பங்குதான். பெரும்பகுதியைக் கெமிக்கல் வகை போலவே உறிஞ்சித்தான் தடுக்கின்றன. ஆனாலும் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019-இல் வெளியிட்ட முன்மொழிவில், பாதுகாப்பானவை என்று ஏற்கப் போதுமான தரவு இருப்பதாகச் சொன்னது இந்த இரண்டை மட்டுமே. ஆக, பாதுகாப்பு என்ற வாக்கு வெறும் பேச்சில்லை.

‘கிளீன்’ என்ற சொல் கதை வேறு. அதற்குச் சட்ட வரையறை கிடையாது. நம் நாட்டில் அழகுப் பொருளை விற்குமுன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ-விடம் அறிவிப்புச் செய்து எண் வாங்க வேண்டும். அந்த எண் இருப்பதால் ‘கிளீன்’ என்று யாரோ சோதித்துச் சொன்னதாக ஆகிவிடாது. டியூப்பின் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘நூறு விழுக்காடு மினரல்’ என்று எழுதிய சிலவற்றில் பியூட்டைல்ஆக்டைல் சாலிசிலேட் என்ற பொருள் இருக்கும். கெமிக்கல் வகையில் வரும் ஆக்டிசாலேட்டுக்கு இது நெருங்கிய உறவு. இதுவும் யுவியை உறிஞ்சும். ஆனால் யுவியைத் தடுக்கும் பொருள்களின் (வடிகட்டிகளின்) பட்டியலில் இல்லாததால் கணக்கில் வராது. கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. கெமிக்கலே இல்லை என்று பெருமை பேசும் டியூப்பில் அது ஏன் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

எனக்கு முடிவெடுக்க உதவியது இதுவும் இல்லை, வெள்ளைப் பூச்சுதான். நம் நிறத்தில் சிங்க் ஆக்சைடு சாம்பல் படிந்த மாதிரி நிற்கும். துகளை மிக நுண்ணியதாக அரைத்தால் அந்த வெள்ளை குறையும். ஆனால் ‘நானோ இல்லை’ என்பது கிளீன் வகைகளின் பெருமைகளில் ஒன்று. துகள் பெரிதாக இருந்தால் வெள்ளையும் கூடும். திடலில் ஒரு பையன், “டீச்சர், பெடாக் போட்டிருக்கீங்களா?” என்று, பவுடர் பூசினேனா எனக் கேட்டான். வெள்ளை தெரியக் கூடாதே என்று கை தானாகவே குறைவாக எடுக்கிறது. எஸ்பிஎஃப் எண்ணோ, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கினால்தான் ஏறக்குறைய அந்த அளவு வரும். பாதி பூசினால் டியூப்பில் எழுதிய 50 தோலில் இருக்காது. வியர்த்து வழிந்தபின் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும் என்றால், வெள்ளை மேல் வெள்ளை. கடைசியில் டியூப் பையிலேயே கிடக்கும். ஜெல்லை நான் முழு அளவு பூசுகிறேன், பள்ளியிலும் மறுபடி பூசுகிறேன். பூசாத சன்ஸ்கிரீன் எவ்வளவு சுத்தமாக இருந்து என்ன!

சரி, ஜெல்லுக்குக் குறையே இல்லையா? இருக்கிறது. எஃப்டிஏ ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட சோதனையில் ஆவோபென்சோன், ஆக்சிபென்சோன் உட்பட கெமிக்கல் வகையின் ஆறு பொருள்கள் இரத்தத்தில் கலப்பது தெரிந்தது. கலப்பதாலேயே கெடுதல் என்று ஆகாது என்றும் அவர்களே சொன்னார்கள். நான் எடுத்த ஜெல்லில் இருப்பது பெமோட்ரிசினோல் என்ற வடிகட்டி. அது அந்த ஆறில் இல்லை. மூலக்கூறு பெரியது என்பதால் தோலுக்குள் எளிதில் இறங்காது, வெயிலிலும் சீக்கிரம் சிதையாது. ஆக்டோகிரைலீன் என்ற வடிகட்டி உள்ளவை நாளாக ஆக, கெடுதலோ என்று சந்தேகிக்கப்படும் பென்சோபீனோனை உண்டாக்கும் என்று 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. அந்த வகையை வாங்கினால் பழைய டியூப்பை வைத்து ஓட்டாதீர்கள். எதுவானாலும் மோட்டார் கூடையில் வேகவிடக் கூடாது. கண்ணில் பட்டால் எரிவது ஜெல்தான், அதையும் மறைக்க மாட்டேன். பவளப்பாறைக் கவலைக்கு ஹவாயில் 2021 முதல் விற்பனைத் தடையே இருக்கிறது, ஆக்சிபென்சோனுக்கும் ஆக்டினாக்சேட்டுக்கும். லங்காவியில் கடலில் இறங்குகிறவர்கள் அந்த இரண்டும் இல்லாததைப் பார்த்து எடுக்கலாம்.

மங்கு உள்ளவர்களுக்கு என் தீர்ப்பு அப்படியே பொருந்தாது. அதைக் கருக்கச் செய்வதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்குண்டு. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் வரும் மினரல் வகை அதையும் தடுக்கும், வெள்ளையும் தெரியாது. எனக்கு மங்கு இல்லை. அந்த வகையைத் தோழியின் டியூப்பிலிருந்து கையில் தடவிப் பார்த்ததோடு சரி, திடலில் வியர்வைக்குத் தாங்குமா என்று என்னால் சொல்ல முடியாது. அப்புறம், ஜெல் பட்டாலே தோல் சிவந்து அரிக்கிறவர்களுக்கும் மினரல்தான். வாங்கும்போது பின்பக்கத்தில் சிங்க் ஆக்சைடு இருக்கிறதா என்று பாருங்கள். டைட்டானியம் மட்டும் இருந்தால் தோலில் ஆழமாக இறங்கும் நீண்ட யுவிஏ கதிருக்கு அவ்வளவு தாங்காது.