வழக்கறிஞர் மாட்லியா, நீதிபதி மாட்லியா?

அமெரிக்காவில் குடியுரிமை வழக்கறிஞராக இருந்து பிறகு நீதிபதியான கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லியின் வாழ்க்கையில் எந்தப் பாதி பெரியது? என் மனம் வழக்கறிஞர் பக்கமே சாய்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 10 வழக்குகளில் வாதாடி 9-இல் வென்றவர் அவர். 1962-இல் கறுப்பின மாணவர் ஜேம்ஸ் மெரிடித், அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்குள் காலடி வைத்ததும் அவர் நடத்திய வழக்கால்தான். நிறவெறி ஊறிப்போன தென் மாநில நீதிமன்றங்களில் ஒரு கறுப்பினப் பெண் எழுந்து நின்று குறுக்கு விசாரணை செய்ததை நினைத்தாலே சிலிர்க்கிறது.

சரி, நீதிபதி மாட்லி? 1966-இல் கூட்டாட்சி நீதிபதியான முதல் கறுப்பினப் பெண். அங்கே வேகம் குறைவு, நிதானம் அதிகம். பெண்களுக்கு எதிரான வேலைப் பாகுபாட்டு வழக்கு ஒன்றில், அவரும் பெண் என்பதால் வழக்கிலிருந்து விலகச் சொன்னது பிரதிவாதித் தரப்பு. இனமும் பாலினமும் எல்லா நீதிபதிகளுக்கும் உண்டே என்று சொல்லி மறுத்துவிட்டார்.