ஹால் சுவருக்குத் தஞ்சாவூர் ஓவியம் வாங்கி ₹18,500 ஏமாந்தேன், தயவுசெய்து படியுங்கள்

நேற்று இரவு கண்ணே மூடவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நானும் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன், அவர்கள் அடுத்த ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

திருச்சியில் புது ஃபிளாட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. ஹாலில் சோபாவுக்குப் பின்னால் 14 அடி நீளம், 10 அடி உயரத்துக்கு வெறும் வெள்ளைச் சுவர். வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். சீட்டு எடுத்ததில் மீந்த 20,000 ரூபாயை அதற்கென்று ஒதுக்கினேன். அந்தச் சுவருக்கு மட்டும் வேறு நிறம் அடித்து, கல்யாணப் படங்களை மாட்டினால் போதும் என்றார் கணவர். எனக்குத் தஞ்சாவூர்ப் படம் என்பது சின்ன வயசு ஆசை. பெரியம்மா வீட்டுப் பூஜை அறையில் விளக்கு வெளிச்சத்தில் தகதகத்த கிருஷ்ணரை இன்னும் மறக்கவில்லை.

என்னை ஏமாற்றியவர்கள், படங்கள் பகிரும் செயலி ஒன்றில் பக்கம் வைத்து விற்கிறவர்கள். 4 அடிக்கு 3 அடி ராமர் பட்டாபிஷேகம், 22 காரட் தங்க ரேக்கு (மெல்லிய தகடு), தேக்குச் சட்டம், எல்லாம் சேர்த்து ₹18,500 என்றார்கள். இவ்வளவு குறைவா என்று கேட்டேன். "இடையில கடைக்காரர் கிடையாதுக்கா, ஆர்டிஸ்ட் கையிலிருந்து நேரா உங்க வீட்டுக்கு" என்றாள் அவர்கள் சார்பில் பேசிய பெண். ₹9,000 முன்பணம் அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து அவளே வீடியோ காலில் வந்தாள். தரையில் பலகையைக் கிடத்தி ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். சாக் பவுடரும் கோந்தும் குழைத்த மக்கைத் தூரிகை நுனியில் எடுத்து, ராமர் மாலையில் முத்து முத்தாக வைத்துக்கொண்டிருந்தார். ஒரு முத்து கொஞ்சம் சரிந்தபோது நகத்தால் மெல்லத் தள்ளி நேராக்கினார். "உங்க படம்தான்க்கா, பாருங்க." அந்தக் கையைப் பார்த்த பிறகு எனக்கு என்ன சந்தேகம் வரும்? அன்று இரவே மீதி ₹9,500-ஐயும் அனுப்பினேன்.

படம் வந்தது, மாட்டினோம், எல்லாரும் பாராட்டினார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ராமர் கிரீடத்தின் ஓரம் கறுக்க ஆரம்பித்தது. பிறகு சீதையின் ஒட்டியாணம். சிவப்புக் கல் ஒன்று உதிர்ந்து சோபாவில் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் வெறும் பிளாஸ்டிக்.

கணவருக்குத் தெரிந்த, தஞ்சாவூரில் இந்த வேலையே செய்கிற ஒருவர் நேற்று வீட்டுக்கு வந்தார். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துக் காட்டினார். முகத்தில் தூரிகை ஓடிய தடமே இல்லை. லென்ஸ் வைத்தால் பிரிண்ட் புள்ளிகள் தெரிகின்றன. அச்சடித்த துணியின் மேல் நகை வரும் இடத்தில் மட்டும் ஏதோ பசையைப் பிழிந்து, பித்தளை ரேக்கு ஒட்டியிருக்கிறார்கள். "அசல் தங்கம் கறுக்காதும்மா. இந்த அளவுக்கு நிஜத் தங்கம் போட்டால் இந்த விலைக்குக் கட்டவே கட்டாது" என்றார். தேக்குச் சட்டமாம்! ஓரத்தில் நகம் வைத்தால் மர நிறத் தாள் உரிகிறது. வீடியோ காலில் நான் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டில் தூணுக்குத் தூண் கிளி இருக்கிறது. என் படத்தில் ஒரு கிளிகூட இல்லை. அந்தப் பெரியவர் செய்தது யாருடைய படமோ!

இதற்கு முன்பே, முதல் கறுப்பு தெரிந்த அன்றே அவளிடம் கேட்டிருந்தேன். "ஒரிஜினல் கோல்டுன்னா அப்படி ஆன்டிக் லுக் வரும்க்கா" என்றாள். அடுத்த வாரம், உங்கள் வீட்டுச் சுவரில் ஈரம் என்றாள். அப்புறம் ஆர்டிஸ்ட் ஊருக்குப் போயிருக்கிறார், வந்ததும் டச்சப் செய்து தருவார் என்று மூன்று வாரம். நேற்று லென்ஸில் எடுத்த படங்களை அனுப்பியதும் "அக்கா" போய் "மேடம்" வந்தது: "மேடம், நோ ரிட்டர்ன்னு பேஜ்லயே போட்டிருக்கோம்." பத்து நிமிடத்தில் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். கணவர் போனிலிருந்து போட்ட கமெண்டையும் அழித்துவிட்டார்கள். முழுசாக ₹18,500. இது இரண்டு வருஷம் கட்டிய சீட்டில் மீந்த பணம்.

குறைந்த செலவில் பெரிய சுவரை எப்படி நிறைப்பது என்று எழுதுவதாகச் சிலரிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கெல்லாம் மனசில்லை. இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர்ப் படத்தை நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். இங்கிருந்து தஞ்சாவூருக்கு ஒரு மணி நேரச் சொச்சம்தான் பஸ், அரசின் பூம்புகார் கைவினைப் பொருள் விற்பனை நிலையங்களும் இருக்கின்றன. 22 காரட் ரேக்கு என்று பில்லில் எழுதி வாங்குங்கள், எழுத மறுத்தால் வந்துவிடுங்கள். பொருள் கைக்கு வருவதற்கு முன் முழுப் பணத்தையும் அனுப்பாதீர்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். ஏமாந்துவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915, இணைய மோசடிக்கு 1930. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருஷம் அவகாசம் உண்டு.

பார்சல் அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். புகார் கொடுக்கும்போது அனுப்பியவர் முகவரி கேட்கிறார்கள், அது அட்டையில்தான் ஒட்டியிருந்தது, நான் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன்.