"சுத்த மூலிகை" அரிப்புப் பொடி: பெங்களூரில் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

அரிப்பு, காணாக்கடி, கரப்பான் எதுவானாலும் "ஒரு மண்டலத்தில் வேரோடு போகும்" என்று சொல்லி, லேபிளே இல்லாத பொடியும் களிம்பும் விற்கிறார் ஒருவர். இடம் அல்சூர் பக்கம். போர்டு கிடையாது, ஒருவர் சொல்லி ஒருவர் போவதுதான். எங்கள் மாமனார் அவரிடம் போய் மாட்டிக்கொண்டார். பெயரைப் போடவில்லை, பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த தெருவில் உட்கார இந்த மாதிரி ஆட்களுக்கு எவ்வளவு நேரமாகும்? பொட்டலத்தை அடையாளம் கண்டுகொண்டால் போதும்.

நாங்கள் இருப்பது ராமமூர்த்தி நகர் தாண்டி. சுற்றிலும் காலி சைட்டுகள், மழை பெய்தால் இடுப்பளவுக்குப் பார்த்தீனியக் களைச்செடி. மாமா தினமும் அந்த வழியாகத்தான் நடக்கப் போவார். கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் சிவந்து தடித்து, ராத்திரி முழுக்கச் சொறிவார். அத்தை தனக்குத் தெரிந்த கைவைத்தியத்தை எல்லாம் செய்தார். கத்திரிக்காயும் கருவாடும் நின்றன. அருகம்புல் சாறு, வெற்றிலை மிளகுக் கசாயம், மேலுக்குக் குப்பைமேனியும் மஞ்சளும். எரிச்சல் கூடியதுதான் மிச்சம். குப்பைமேனியே சிலருக்குத் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். அதை உள்ளுக்குக் கொடுப்பது இன்னும் வம்பு: ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். இது நம் பாட்டிமார்களுக்குத் தெரிய வழியில்லை.

அப்போதுதான் தெரிந்தவர் ஒருவர் சொல்லி மாமா அல்சூருக்குப் போனார். மாதத்துக்கு 2,400 ரூபாய். பில் இல்லை. காகிதத்தில் மடித்த பழுப்புப் பொடி, சின்ன டப்பாவில் மணமே இல்லாத வெள்ளைக் களிம்பு. மூலிகைக் களிம்பு என்றால் ஒரு பச்சை வாடையாவது இருக்க வேண்டாமா? ஆனால் ரெண்டே நாளில் அரிப்பு காணாமல் போனதும் வீட்டில் யாருக்கும் அந்தக் கேள்வி எழவில்லை. மாமா நன்றாகப் பசிக்கிறது என்றார், கன்னம் உப்பியது, "தேறிட்டீங்களே" என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். கட்டுக்குள் இருந்த சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஒரு வேளை பொடி தவறினால் தடிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். கேட்டதற்கு வைத்தியர் சொன்ன பதில்: "உள்ளே இருக்கிற விஷம் வெளியே வருது ஐயா, நல்லதுதான். அளவைக் கூட்டிக்குவோம்."

வேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் பொடி தீர்ந்துவிட்டது. வாந்தி, தலைசுற்றல், எழுந்து நிற்க முடியவில்லை, ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் மாமாவின் உப்பிய முகத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஸ்டீராய்டு எவ்வளவு நாளா எடுக்கிறார்?" நாட்டு மருந்துதான் என்று நாங்கள் சொன்னதை அவர் நம்பவில்லை. காலையில் எடுத்த ரத்தத்தில், உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசால் அடிமட்டத்தில் இருந்தது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் சொந்தக் கார்ட்டிசால் வேலையை நிறுத்திவிடும். திடீரென்று மருந்து நின்றால் உடம்பு தாங்காது, உயிரே போகலாம். டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகளைப் பொடித்து மூலிகையோடு கலப்பது பழைய தந்திரமாம். எது எவ்வளவு என்று சோதனைச்சாலைதான் சொல்ல வேண்டும், ஆனால் ஏதோ ஒரு ஸ்டீராய்டு உள்ளே போயிருக்கிறது என்பதில் டாக்டருக்குச் சந்தேகமே இல்லை.

ஆகவே இப்படி ஒரு பொடியை நீங்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்த கோபத்தில் இன்றே நிறுத்திவிடாதீர்கள். பொட்டலத்தோடு டாக்டரிடம் உடனே போங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார்.

அதே ஆள் செய்த இன்னொரு காரியம் எனக்கு இன்னும் ஆறவில்லை. என் நாத்தனார் பையனுக்கு இறால் ஆகாது, ஒருமுறை உதடும் நாக்கும் வீங்கி மூச்சு இழுத்திருக்கிறது. அவனையும் கூட்டி வரச் சொல்லி, "பொடியைத் தேனில் குழைச்சுக் கொடுத்துட்டு, தினம் ஒரு இறால் கொடும்மா, உடம்பு பழகிடும்" என்றிருக்கிறார். நல்லவேளை, நாத்தனார் எழுந்து வந்துவிட்டாள். தோல் அரிப்பு ஒரு ரகம், இது வேறு ரகம். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தொண்டை அடைப்பு, குரல் மாற்றம், மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் கசாயம் வைக்க அடுப்பு பற்றவைக்கக் கூடாது. செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரை அரிப்பைக் குறைக்கும், இதை நிறுத்தாது. தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் மருந்து. 108-ஐக் கூப்பிடுங்கள், வரும்வரை படுக்க வையுங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரட்டும். சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம் என்பதால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பார்கள்.

கைவைத்தியமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேப்பங்கிழங்கு நறுக்கிக் கை அரித்தால் புளித் தண்ணீரில் கழுவுகிறோமே, அதில் தப்பில்லை. அந்த அரிப்பு ஒவ்வாமையே கிடையாது, கிழங்கில் இருக்கும் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் குத்துவது. செடி பட்டால் சோப்புப் போட்டுக் கழுவலாம், ஈரத்துணி வைக்கலாம், தேங்காய் எண்ணெய் தடவலாம். எலுமிச்சைச் சாறு மட்டும் தடவிவிட்டு வெயிலில் போகாதீர்கள், தோல் வெந்து கருத்துவிடும்.

மாமாவுக்கு உடம்பு தேறிய பிறகு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டிவைக்கும் பேட்ச் டெஸ்ட் செய்தார்கள். ஒட்டி 48 மணி நேரம் கழித்துப் பிரித்தால், பார்த்தீனியம் வைத்த இடம் நன்றாகத் தடித்திருந்தது. காற்றில் வரும் அதன் தூளே போதுமாம். நடக்கும் வழியை மாற்றி, முழுக்கைச் சட்டை போட்டு, வந்ததும் குளித்ததில் பாதி குறைந்துவிட்டது. மீதியை டாக்டர் பார்த்துக்கொள்கிறார். அந்தக் கத்திரிக்காய் பாவம் ஒன்றும் செய்யவில்லை.

சித்த மருந்தோ ஆயுர்வேத மருந்தோ, முறையாகத் தயாரித்து விற்பதென்றால் உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, சேர்மானங்கள் எல்லாம் டப்பாவில் அச்சாகியிருக்க வேண்டும். "லேபிள் போட்டா ரகசியம் போயிடும்" என்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறோம். எங்களிடம் பில்லும் இல்லை, பொடியும் இல்லை, களிம்பு டப்பா ஒன்றுதான் மிச்சம். அல்சூர் பக்கம் இப்படி வாங்கியவர்கள் மீதிப் பொட்டலத்தைக் குப்பையில் போடாமல், வாங்கிய தேதியை அதன்மேல் எழுதி எடுத்து வையுங்கள். பணத்தை போனில் அனுப்பியிருந்தால் அந்த ஸ்க்ரீன்ஷாட்டும் வேண்டும்.