மழைக்கு முன்னால் வாங்கி வைக்கவேண்டிய பாட்டில்: எச்2எஸ் குடிநீர்ப் பரிசோதனை

கடலூரில் கெடிலம் கரையை ஒட்டிக் குடியிருப்பவர்கள் ஐப்பசி பிறக்கும் முன்னே இதில் இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடிநீரில் மலக்கழிவு கலந்திருக்கிறதா என்று காட்டும் எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்பைடு) பாட்டில்.

கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்து, மூடி, குலுக்கி, வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் போதும். எங்கள் சம்ப் தண்ணீர் மறுநாள் காலையிலேயே அடியில் கறுக்க ஆரம்பித்து, சாயங்காலத்துக்குள் மை மாதிரி ஆகிவிட்டது. பாக்டீரியா விடும் ஹைட்ரஜன் சல்பைடு, பாட்டிலுக்குள் இருக்கும் இரும்போடு சேர்ந்து வரும் கறுப்பு அது. அதே தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி ஊற்றிய பாட்டிலில் நிறம் மாறவே இல்லை.

போர் தண்ணீரே அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் முடிவை நம்ப வேண்டாம். கறுக்கவில்லை என்பதற்காக மஞ்சள் காமாலை வைரஸ் இல்லை என்றும் ஆகாது.

பெரிய குறை, உள்ளே இருப்பது எந்தக் கிருமி என்று இது சொல்லாது. பாக்டீரியாவை அழிக்கும் வைரஸ் இருக்கிறதாமே, அதைச் சம்பில் ஊற்றினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு என் பதிலும் இதுதான். அந்த வைரஸ், அதாவது பாக்டீரியோபேஜ் (சுருக்கமாகப் பேஜ்), ஒன்றும் கட்டுக்கதை இல்லை. கங்கை, யமுனைத் தண்ணீர் காலராக் கிருமியைக் கொல்கிறது, கொதிக்கவைத்தால் அந்தச் சக்தி போய்விடுகிறது என்று ஆங்கிலேய பாக்டீரியா ஆய்வாளர் ஹாங்கின் 1896-லேயே எழுதினார். 1917-ல் இந்த வைரஸுக்குப் பாக்டீரியோபேஜ் என்று பெயர் வைத்த நுண்ணுயிரியலாளர் டெரெல், 1927-ல் பஞ்சாபுக்கு வந்து காலரா பரவிய ஊர்களில் கிணற்றிலேயே பேஜை ஊற்றிப் பார்த்தார். எதிரி காலரா என்று தெரிந்ததால் அதைச் செய்ய முடிந்தது. பேஜ் தனக்குப் பொருந்தும் கிருமியில் மட்டும் ஒட்டி, தன் மரபணுவை உள்ளே செலுத்திப் பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். காலரா பேஜ் டைஃபாய்டு கிருமியைத் தொடக்கூடத் தொடாது. காலரா என்று ஆய்வகம் உறுதி செய்த ஊரில் இதைத் திரும்பவும் முறையாகச் சோதிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் என்ன இருக்கிறதென்றே தெரியாத வீட்டுச் சம்புக்கு எந்தப் பேஜைத் தேடுவது? குளோரின் அப்படி ஆள் பார்ப்பதில்லை. போட்டு அரை மணி நேரம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், கறுத்த பாட்டிலுக்குள் கிருமி கூட்டமாகப் பெருகியிருக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவிட்டுக் கழிப்பறையில் கொட்டுங்கள், சமையலறைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.